மூதூர்ப் பெட்டி ஜேர்மனிக்குப் போக: சமூகத் தொழில்முயற்சியை வெளிநாட்டுக்கு வளர்க்க முழுமையான வழிகாட்டி

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலையில் இருக்கிறது. இருந்தும், அதே மாவட்டத்து மூதூரில் முடைந்த பனையோலைப் பெட்டி ஜேர்மனிக்குப் போவதென்றால் முதலில் லொறியேறி, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கொழும்புக்குப் போக வேண்டும். நம் துறைமுகத்தில் கோதுமை இறங்கும், சீமெந்துக்கான மூலப்பொருள் இறங்கும், எண்ணெய் இறங்கும். கொள்கலன் கப்பலுக்குக் கொழும்புதான். இந்த ஒரு விஷயமே உங்கள் விலையிலும் காலக்கெடுவிலும் பொதி கட்டும் முறையிலும் வந்து நிற்கும்.

வியாபாரம் செய்து சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தால் ஒரு சமூகத் தேவையைத் தீர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், சிறு கம்பனி எதுவாகவும் இருக்கலாம். விளங்குவதற்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: மூதூர்ப் பக்கம் நாற்பது பெண்கள் சேர்ந்து பனையோலைப் பொருள் செய்யும் ஒரு கற்பனைக் குழு.

படி 1: எதை அனுப்பப் போகிறீர்கள்?

"வெளிநாட்டுக்கு வளர வேண்டும்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பொருளை அனுப்பலாம். வேலை செய்யும் முறையை அனுப்பலாம். நிறுவனத்தையே கொண்டுபோய் இன்னொரு நாட்டில் நிறுத்தலாம். மூன்றுக்கும் தேவைப்படும் பணமும் ஆளும் வேறு வேறு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல பாடம். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கினார். 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலை வந்தது; கண்ணுக்குள் வைக்கும் வில்லையை மலிவாகச் செய்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அது பொருள். அதே காலத்தில் லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தையும் ஆரம்பித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளுக்குத் தங்கள் வேலைமுறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அது முறை. நாடு நாடாகத் தங்கள் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு அவர்கள் வளரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜேர்மனியில் 1988இல் தொடங்கிய 'டயலொக் இன் த டார்க்' இன்னொரு வகை. முழு இருட்டு அறையில் பார்வையற்றவர்கள் வழிகாட்ட, பார்வையுள்ளவர்கள் நடந்து பார்க்கும் கண்காட்சி அது. உரிமம் கொடுத்தே நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. உள்ளூரில் நடத்துபவர் முதல் போடுவார், மூல நிறுவனம் முறையும் பயிற்சியும் கொடுத்துக் கட்டணம் வாங்கும். நிறுவனத்தையே கொண்டுபோனதற்கு பிராக் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1972இல் பங்களாதேஷில் தொடங்கிய அது, வெளிநாட்டில் முதல் கிளையை ஆப்கானிஸ்தானில் திறந்தது 2002இல்தான். முப்பது வருடம் உள்ளூரில் நின்ற பிறகு.

நம் அளவுக்கு என் கருத்து இது: முதலில் பொருள். அது ஓடத் தொடங்கினால் முறை. கிளையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காசு மட்டும் காரணமில்லை. இலங்கையிலிருந்து வெளிநாட்டில் முதலிட, 2017இன் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் தனிக் கணக்கு வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற வரையறையும் நாட்டின் டொலர் நிலைமையைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும்.

படி 2: உள்ளூரில் உங்கள் காலில் நிற்கிறீர்களா?

2004 சுனாமிக்குப் பின்னும் போர் முடிந்த பின்னும் நம் மாவட்டத்துக்கு வந்த திட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. தையல் மெஷின், கோழிக்கூடு, ஓலை வேலைப் பயிற்சி என்று பலதும் வந்தன. நிதி நின்றதும் பல நின்றுபோயின. ஆகவே கணக்குப் புத்தகத்தை எடுத்து, நன்கொடையாக வந்த எல்லாவற்றையும் ஒரு பேனையால் வெட்டிவிட்டுப் பாருங்கள். கட்டட வாடகை, முகாமையாளர் சம்பளம், வாகனம் எல்லாம் விற்பனைக் காசில் போகிறதா? போகவில்லையென்றால் ஏற்றுமதி அதைச் சரிசெய்யாது. நட்டத்தின் அளவைத்தான் பெருப்பிக்கும்.

அடுத்தது ஒரே மாதிரிச் செய்யும் திறன். சந்தையில் நூறு பெட்டி நூறு விதமாக இருந்தால் அழகு. இறக்குமதியாளருக்கு முந்நூறும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒவ்வொரு வடிவத்துக்கும் மாதிரிப் பெட்டி ஒன்றைப் பூட்டி வையுங்கள். நீளம், அகலம், உயரம், ஓலைக் கீற்றின் அகலம், சாயத்தின் அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முடையும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். சார்வோலை என்னும் இளம் பனையோலை எப்போது வெட்டியது, எத்தனை நாள் காய்ந்தது என்பதும் அதில் வர வேண்டும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்குகிறது.

சோதித்துப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். ஒரு விடுதியில் மேசை போட அனுமதி வாங்கி, எதைத் தூக்கிப் பார்க்கிறார்கள், எதைத் திரும்ப வைக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் பையில் மடங்காத பெரிய கடகம் மேசையிலேயே இருக்கும், சின்னப் பெட்டி போய்விடும். அப்புறம் கொழும்பு. 2012இல் அங்கே தொடங்கிய குட் மார்க்கட் சமூக நோக்கமுள்ள விற்பனையாளர்களுக்காகவே உருவானது. அங்கே சேரும்போது கேட்கும் கேள்விகளே நல்ல ஒத்திகை.

படி 3: சட்ட உருவம்

இலங்கையில் சமூகத் தொழில்முயற்சிக்கென்று தனிச் சட்ட வடிவம் இல்லை. பிரித்தானியாவில் 2005 முதல் சமூக நலக் கம்பனி என்ற வடிவம் உண்டு. இங்கே இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டும். கிராம மட்டச் சங்கமாக மட்டும் இருந்தால் வெளிநாட்டு வாங்குபவரும் வங்கியும் தயங்குவார்கள். 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். அதில் பங்குதாரர் இல்லை, முதலீடும் வராது. எனக்குப் பிடித்த வழி, சங்கம் சங்கமாகவே இருக்க, வியாபாரத்துக்கு ஒரு தனியார் கம்பனி ஆரம்பித்து அதன் பங்குகளில் பெரும்பான்மையைச் சங்கத்தின் கையில் வைப்பது. இலாபத்தில் எத்தனை வீதம் முடைபவர்களுக்கு, எத்தனை வீதம் சேமிப்புக்கு என்பதைக் கம்பனியின் அமைப்பு விதிகளிலேயே எழுதிவிடுங்கள். பெரிய ஓடர் வந்த பிறகு இதைப் பேசத் தொடங்கினால் சண்டைதான்.

படி 4: விலை

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு பெட்டிக்கான மாதிரிக் கணக்கு இது. எண்கள் விளக்கத்துக்கு மட்டும், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடைய ஆறு மணித்தியாலம், மணிக்கு 250 ரூபா என்றால் 1,500. ஓலையும் சாயமும் 300. கைபிடி, உள்துணி 200. மொத்தம் 2,000. பத்தில் ஒன்று கழிபடும் என்று 200 சேருங்கள். பொதி கட்ட 150, கொழும்புக்கு லொறியில் பங்கு 100, பத்திரங்களுக்கும், துறைமுகத்தில் சுங்க வேலையை முடித்துத் தரும் வாஃப் கிளார்க்குக்கும் பங்கு 200. இப்போது 2,650. குழுவின் நிர்வாகச் செலவுக்கும் சேமிப்புக்கும் 15 வீதம், ஏறத்தாழ 400. ஆக 3,050 ரூபா. டொலர் 300 ரூபா என்று வைத்தால் பத்து டொலர்.

இது கொழும்பில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை. வியாபாரப் பேச்சில் எஃப்.ஓ.பி. அதன் பிறகு கப்பல் கூலி, சுங்கம், இறக்குமதியாளரின் இலாபம், கடைக்காரரின் இலாபம், அந்த நாட்டு வரி எல்லாம் ஏறும். கைவினைப் பொருளில் கடை விலை பொதுவாக எஃப்.ஓ.பி.யைப் போல் நான்கு, ஐந்து மடங்கு. எனவே கேள்வி, இந்தப் பெட்டியை 40, 50 டொலர் கொடுத்து ஒருவர் வாங்குவாரா என்பது. மாட்டார் என்று தோன்றினால் கூலியைக் குறைக்காதீர்கள். ஆறு மணித்தியால வேலையை நாலாக்கும் வடிவத்தைத் தேடுங்கள்.

"கடையில் ஐம்பது டொலர், எங்களுக்குப் பத்துத்தானா" என்று குழுவில் கட்டாயம் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நடுவில் யார் யார் என்ன செலவு செய்கிறார்கள் என்பதைப் பலகையில் எழுதி முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மறைத்தால் நம்பிக்கை போய்விடும்.

கனவளவும் விலைதான். விமானக் கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுப்பார்கள். உண்மை எடையை விட அது கூடினால் அதற்குத்தான் காசு. 40, 30, 30 அளவுப் பெட்டிக்கு 7.2 கிலோ. கையில் தூக்கினால் ஒரு கிலோகூட இருக்காது. கப்பலில் பகுதிச் சுமைக்கும் கன மீற்றர் கணக்கே. ஆகையால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டித் தொகுதி, தட்டையாக மடங்கும் பை, சுளகு மாதிரித் தட்டுகள் போன்றவை நன்றாகப் பயணம் செய்யும். நம் பாட்டிமார் கடகத்தையும் பெட்டியையும் அடுக்கி வைத்த விதத்தைப் பார்த்தாலே வடிவமைப்பாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 5: எந்த நாடு, யார் வாங்குபவர்?

ஸ்கார்பரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாங்குவார்கள் என்ற நினைப்பு எல்லாக் குழுவிலும் உண்டு. வாங்குவார்கள், ஊர்ப் பாசத்தில் ஒருமுறை. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஒரு வீட்டுக்கு எத்தனை வேண்டும்? புலம்பெயர்ந்த உறவை வாடிக்கையாளராகப் பார்ப்பதைவிட வாசலாகப் பார்ப்பது மேல். மாதிரியைக் கையில் எடுத்துக் கடை கடையாகக் காட்ட, வந்த பெட்டியில் பூஞ்சணம் இருக்கிறதா என்று திறந்து பார்த்துச் சொல்ல, ஒரு முகவரி கொடுக்க அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

அந்த முகவரி சும்மா இல்லை. 2024 டிசெம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, நுகர்வோருக்கு விற்கும் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய பெயரும் முகவரியும் பொருளிலோ பொதியிலோ வர வேண்டும். மொத்தமாக வாங்கும் இறக்குமதியாளர் இருந்தால் அது அவர் வேலை. இணையத்தில் நேரடியாக விற்றால் உங்கள் தலையில். உறவுக்காரரைப் போடுவதென்றால், பொருளில் குறை வந்தால் அதிகாரிகள் அவரிடம்தான் வருவார்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அமெரிக்காவுக்கு ஒன்றிரண்டாகப் பார்சல் அனுப்பி விற்ற வழியும் சுருங்கிவிட்டது. 800 டொலர் வரைக்குமான வரியில்லாச் சலுகை 2025 ஓகஸ்ட் 29இல் நிறுத்தப்பட்டது. அவுஸ்திரேலியா தாவரப் பொருளில் மிகக் கண்டிப்பு: உயிருள்ள பூச்சி, மண், விதை ஏதாவது தென்பட்டால் உங்கள் செலவில் புகையூட்டுவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள், அல்லது அழிப்பார்கள். முதல் ஓடரை அங்கே அனுப்பாதீர்கள் என்பேன். ஐரோப்பாவில் 2017 முதல் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை நமக்கு மீண்டும் கிடைத்திருக்கிறது. பிரித்தானியாவில் 2023 ஜூனிலிருந்து வளரும் நாடுகளுக்கான தனி வரிச் சலுகைத் திட்டம் ஓடுகிறது. தொடங்க இவை இரண்டும் இலேசு.

வாங்குபவரைத் தேடும்போது சாதாரண இறக்குமதியாளரைவிட, செய்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கும் நியாய வர்த்தகக் கடைகளை முதலில் பாருங்கள். குருநாகலில் 1991இல் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம் உலக நியாய வர்த்தக அமைப்பின் உத்தரவாதத்தோடு வெளிநாட்டுக்கு விற்கிறது. அந்த அமைப்புக்குப் பத்துக் கொள்கைகள் உண்டு: நியாயமான விலை, சிறுவர் உழைப்பு இல்லாமை, வெளிப்படைத்தன்மை, இப்படி. சான்றிதழுக்கு முதல் வருடமே ஓட வேண்டாம், செலவு அதிகம். ஆனால் பத்தையும் வாசித்து, அதற்கேற்ற கொப்பியை இன்றே தொடங்குங்கள்: யார் முடைந்தது, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கொடுத்தது, எப்போது கொடுத்தது. வீட்டில் இருந்து முடைபவர்களைப் பற்றி வாங்குபவர் முதலில் கேட்பது அதுதான்.

உணவுப் பொருள் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்ணியாத் தயிரை ஏற்றுமதி செய்யலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பால், மீன் போன்ற விலங்கு வழிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்ப, நாடும் தொழிற்சாலையும் அவர்களின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். 2015இல் இலங்கை மீனுக்கு ஒன்றியம் தடை போட்டு 2016இல் நீக்கியது; அந்த இடைவெளியில் தவறே செய்யாதவர்களும் அடிபட்டார்கள். தயிரை இங்கேயே விற்போம். பனங்கட்டி, ஒடியல், மிளகு போன்ற உலர்ந்த பொருள்களுக்கு வழி உண்டு. அமெரிக்காவுக்கு அனுப்புவதென்றால் உணவு நிலையத்தை அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யில் பதிந்து, அமெரிக்காவில் ஒரு முகவரையும் நியமிக்க வேண்டும்.

படி 6: பத்திரமும் பருவமும்

வரி அடையாள இலக்கம், சுங்கத்தில் பதிவு, விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பல் பத்திரம், தாவரச் சுகாதாரச் சான்றிதழ், பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலநாட்டு அத்தாட்சி. கேட்கவே தலை சுற்றும். ஒரு நல்ல வாஃப் கிளார்க் கிடைத்தால் பாதிப் பாரம் குறையும். பனையோலைப் பெட்டியின் சுங்கக் குறியீடு பொதுவாக 4602.19 என்ற தலைப்பில் வரும். முதல் பார்சலுக்கு முன் சுங்கத்திடம் உறுதிப்படுத்துங்கள். பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று: ஐரோப்பாவுக்கு 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்கு என்றால், பதிவுபெற்ற ஏற்றுமதியாளராக இல்லாமலே மூலநாட்டு வாக்குமூலத்தை நீங்களே விலைப்பட்டியலில் எழுதலாம். அதற்கு மேல் போகும்போது வர்த்தகத் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பனை அபிவிருத்திச் சபையிலும் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள், கண்காட்சிக்கும் பயிற்சிக்கும் ஆள் தேடும்போது உங்கள் பெயர் அவர்களிடம் இருக்க வேண்டும்.

பருவத்தை எழுதி ஒட்டி வையுங்கள். ஐரோப்பிய வாங்குபவர் வருடத் தொடக்கத்தில் மாதிரி பார்ப்பார். வீட்டுப் பொருள்களுக்கான பிராங்பேர்ட் கண்காட்சியும் பெப்ரவரியை ஒட்டித்தான். நத்தாருக்கான சரக்கு ஓகஸ்ட், செப்டெம்பரில் கப்பலேற வேண்டும். நமக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வெயில், ஓலை காயும். ஒக்டோபரில் மழை தொடங்கி நவம்பர், டிசெம்பரில் கொட்டும், ஓலை காயாது. இந்த இரண்டு நாட்காட்டியும் பொருந்துவது நம் அதிர்ஷ்டம். நவம்பரில் கப்பலேற்றும் ஓடரை மட்டும், எவ்வளவு காசு காட்டினாலும், ஏற்காதீர்கள். வாரக்கணக்கில் கொள்கலனுக்குள் அடைபட்ட ஈர ஓலை கறுத்துத்தான் இறங்கும்.

படி 7: பணம்

முதல் ஓடரில் பாதிக் காசு முன்பணம், மீதி கப்பல் பத்திரத்தின் பிரதியைக் காட்டியதும். நியாய வர்த்தக வாங்குபவர்கள் முன்பணம் கேட்டால் தருவது வழக்கம், வெட்கப்பட வேண்டாம். அறுபது நாள் கடன் கேட்பவருக்கு நீங்கள்தான் வங்கி என்று அர்த்தம்; முடைந்தவருக்கு அந்த அறுபது நாளும் யார் கொடுப்பது? பழக்கமான பிறகு கடன் கொடுப்பதென்றால் இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் விசாரியுங்கள். வங்கியில் வர்த்தக வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து, ஏற்றுமதிக் காசை எத்தனை நாளுக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற மத்திய வங்கி விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வாங்குபவரும் உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் போகாமல் பார்க்கவும்.

படி 8: முறை கடல் கடக்கும்போது

நாலைந்து வருடம் பொருள் ஓடிய பிறகு, இன்னொரு நாட்டில் பனை வளரும் ஊரிலிருந்து "உங்கள் முறையை எங்களுக்கும் தாருங்கள்" என்று கேட்கலாம். இங்கே நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: முறைகள் வந்திறங்கிய பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம்.

நுண்கடனை எடுங்கள். 1976இல் பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கி, 1983இல் கிராமீன் வங்கியான முறை உலகம் முழுக்கப் போனது. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் பல நிதிக் கம்பனிகள் அதன் வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டு வந்தன: பெண்கள் குழு, வாராந்தத் தவணை, ஒருவருக்கு ஒருவர் பிணை. கடன் எடுப்பவருக்கு வருமானம் தரும் தொழில் இருக்கிறதா என்ற சோதனையும், ஏற்கனவே எத்தனை இடத்தில் கடன் என்ற கேள்வியும் பல இடங்களில் வரவில்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று பெண்கள் சிக்கினார்கள். 2018இல் அரசே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

தென்னாபிரிக்காவில் பிறந்த பிளேபம்ப் இன்னொரு கதை. பிள்ளைகள் இராட்டினம் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் மேலே ஏறும். 2006இல் அமெரிக்காவில் 16.4 மில்லியன் டொலர் உதவி அறிவிக்கப்பட்டது, 2010க்குள் நாலாயிரம் என்று இலக்கு வைத்தார்கள். பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடவில்லை. பெண்கள் கையால் இராட்டினத்தைச் சுற்றினார்கள். பழுதானால் திருத்த ஊரில் ஆளில்லை. சாதாரணக் கைப்பம்பைவிட விலையும் பல மடங்கு. 2010ஐ ஒட்டித் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஆகவே உரிமம் கொடுக்கும் முன் உங்கள் முறையை இரண்டு தாளில் பிரித்து எழுதுங்கள். ஒரு தாளில் மாறக் கூடாதவை. நம் உதாரணக் குழுவில் அது இப்படி இருக்கும்: முடைபவருக்கு வேலை முடிந்த வாரமே காசு, விலைக் கணக்கு எல்லாருக்கும் திறந்தது, நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் முடைபவர்கள். மறு தாளில் மாறலாம், மாறவே வேண்டும் என்பவை: வடிவம், சாயம், கூட்டம் நடக்கும் நேரம், ஓலையின் இனம்கூட. முதல் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் உங்களுக்கே இன்னும் தெளிவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போகப்போவது யார் என்பதும் முக்கியம். முகாமையாளரை மட்டும் அனுப்பாதீர்கள். நன்றாக முடையும் இரண்டு அக்காமாரையும் அனுப்புங்கள். ஓலை வார்க்கும் பதத்தைக் கையால்தான் கற்றுக்கொடுக்க முடியும். மொழி தெரியாதே என்ற பயம் இரண்டு நாளில் போய்விடும்.

படி 9: ஒப்பந்தம்

கொழும்பில் 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியைப் பதிந்திருந்தாலும் அது இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும்; விற்கும் நாட்டில் தனியாகப் பதிய வேண்டும். அதை "உங்களுக்காக நானே பதிந்து தருகிறேன்" என்று பங்காளி சொன்னால், யார் பெயரில் என்று கேளுங்கள். உங்கள் கம்பனியின் பெயரில் என்றால் மட்டுமே சம்மதம்.

ஒரு நாட்டுக்குத் தனி விற்பனை உரிமை கேட்டால் கொடுக்கலாம், வருடத்துக்கு இவ்வளவு வாங்க வேண்டும் என்ற அடிமட்டத்தோடு. அடிமட்டம் இல்லாத தனி உரிமை, கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்த மாதிரி. பெண்களின் படங்களையும் கதைகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவர்களின் எழுத்து மூலச் சம்மதம், போரில் இழந்ததைச் சொல்லி விற்கக் கூடாது என்ற வரி, இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாங்குபவர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கடைசியாகப் பிரிவு. எத்தனை மாத முன்னறிவித்தல், முடிந்த சரக்கை யார் எடுப்பது, வடிவங்கள் யாருக்கு, வாடிக்கையாளர் பட்டியல் யாருக்கு, பங்காளி நாட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்த மாதக் கூலியை யார் கொடுப்பது. கையெழுத்துப் போடும் நாளில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பேச அந்த நாள்தான் வசதி. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் குழுக் கூட்டத்தில் வரி வரியாக வாசித்து, முடைபவர்கள் கை தூக்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.